வாங்கு என்னும் பொத்தானை அழுத்துமுன்: நெல்லைச் சீமையின் புதிய முதலீட்டாளருக்கு

தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ 1994ஆம் ஆண்டு நவம்பரில் பங்குகளைத் திரைவழியே வணிகம் செய்யத் தொடங்கும் வரை, திருநெல்வேலியில் இருந்துகொண்டு பங்கு வாங்குவது நீண்ட காத்திருப்பாகவே இருந்தது. உள்ளூர்த் துணைத் தரகரிடம் சொல்ல வேண்டும். அவர் சென்னையிலோ மும்பையிலோ உள்ள தரகரிடம் தொலைபேசியில் சொல்வார். எந்த விலைக்கு முடிந்தது என்பதை அவர் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். பிறகு பங்குச் சான்றிதழ் அஞ்சலில் வந்து, மாற்றுப் படிவத்தோடு நிறுவனத்துக்குப் போய், நம் பெயர் ஏறித் திரும்பி வருவதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக நாடெங்கும் ஒரே விலையை ஒரே நேரத்தில் காட்டிய என்எஸ்இயும், காகிதச் சான்றிதழை டீமேட் எனப்படும் மின்னணுக் கணக்காக மாற்றிய 1996ஆம் ஆண்டின் டெபாசிட்டரிச் சட்டமும் அந்தக் காத்திருப்புக்கு முடிவு கட்டின. 2023 ஜனவரி முதல், இன்று வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளிலேயே நம் கணக்குக்கு வந்துவிடுகிறது.

தூரம் என்ற குறை இவ்வாறு நீங்கியது. அதே தொழில்நுட்பம் வேகம் என்ற புதிய ஏற்றத்தாழ்வைக் கொண்டுவந்திருக்கிறது என்பதைப் புதிதாகச் சந்தைக்குள் வருபவர்களிடம் எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. நம் கைபேசியில் தெரியும் திரைக்குப் பின்னால் யார் வாங்குகிறார்கள், யார் விற்கிறார்கள், எதனால் விலை நகர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான், வேகம் தேவைப்படும் வணிகத்தை விட்டு விலகி, பொறுமை மட்டுமே தேவைப்படும் முதலீட்டில் நாம் நிலைத்து நிற்க முடியும். அந்தப் புரிதலோடு ஒவ்வொரு படியாக உள்ளே செல்வதற்கே இந்த வழிகாட்டி.

முதலில் பணம்

கணக்கு தொடங்குவதற்கு முன் எந்தப் பணத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். கார் சாகுபடியின் விதைக்கும் உரத்துக்கும் வைத்திருக்கும் பணம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், அடுத்த ஆண்டு நடக்க வேண்டிய கல்யாணத்துக்கான சேமிப்பு ஆகிய எதையும் பங்குகளில் போடக் கூடாது. என்எஸ்இயின் ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் நிஃப்டி குறியீடு, 2020 ஜனவரியில் 12,000 புள்ளிகளுக்கு மேல் இருந்து, மார்ச் மாதத்தில் 7,600 அளவுக்கு இறங்கியது. அதே ஆண்டு நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டியும் விட்டது. நடுவில் பணம் தேவைப்பட்டவர்கள் விற்றார்கள், தேவைப்படாதவர்கள் காத்திருந்தார்கள். இருவருக்கும் இடையே அறிவில் பெரிய வேறுபாடு இருந்திருக்க வேண்டியதில்லை. ஆறு மாதக் குடும்பச் செலவை வங்கியில் வைத்த பிறகு எஞ்சுவதில், ஐந்து ஆண்டுகளுக்குத் தொட வேண்டியிராத தொகையை மட்டும் ஒதுக்குங்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்குவது நம் பக்கத்தில் பரவலாகிவருகிறது. இதை நான் உறுதியாகத் தவிர்க்கச் சொல்கிறேன், ஏனெனில் வட்டி ஒவ்வொரு மாதமும் நிச்சயமாக வளரும், பங்கின் விலைக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

பிறகு ஆவணங்கள்

பான் அட்டை, ஆதார், அந்த ஆதாரோடு இணைந்த கைபேசி எண், உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு, வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்து ஆகியவை போதும். ஆனால் நம் ஊர்க்காரர்கள் பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆதாரில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும், பான் அட்டையில் தந்தை பெயர் முழுவதுமாக விரிந்திருக்கும், வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். கணினி இந்த மூன்றையும் மூன்று வேறு மனிதர்களாகக் கருதி விண்ணப்பத்தை நிராகரித்துவிடலாம். எனவே மூன்றையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் ஆதார் சேவை மையத்திலோ பான் திருத்த விண்ணப்பத்தின் மூலமாகவோ முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். பானும் ஆதாரும் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் வருமான வரித் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். இந்த வேலைக்குச் சில வாரங்கள் ஆனாலும் பரவாயில்லை, அதற்குள் சந்தை எங்கும் போய்விடாது.

தரகு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

நம் சார்பில் சந்தையில் ஆர்டர் போடும் புரோக்கர், பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் செபியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். புரோக்கரின் பதிவு எண் ஐஎன்இசட் என்ற எழுத்துகளில் தொடங்கும். முதலீட்டு ஆலோசகருக்கு அது ஐஎன்ஏ, ஆய்வாளருக்கு ஐஎன்எச். செபியின் தளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்து, பெயரும் முகவரியும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

விண்ணப்பத்தை நிரப்பும்போது எந்தெந்தப் பிரிவுகளில் வணிகம் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுச் சில கட்டங்கள் வரும். பங்கு, பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட் ஆகியவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பின்னொரு நாளின் விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்தங்களான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் பிரிவுகளுக்கு வருமானச் சான்று கேட்கிறார்கள் என்பதே அது வேறு வகையான இடம் என்பதற்கான அறிகுறி, அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். நாமினியின் பெயரைத் தவறாமல் எழுதுங்கள். பங்கு விற்கும்போது ஒவ்வொரு முறையும் ரகசிய எண்ணும் ஓடிபியும் கொடுக்கும் முறை தொல்லையாகத் தோன்றினால், டிடிபிஐ என்ற ஒப்புதல் படிவத்தைக் கொடுக்கலாம். பழைய முறைப்படியான பொது அதிகார ஆவணத்தில் கையெழுத்திட வேண்டாம். கையிருப்பு 4 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும்போது ஆண்டுக் கட்டணம் இல்லாத அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்று ஒரு வகை உண்டு, ஒரே ஒரு கணக்கு வைத்திருக்கும் புதியவருக்கு அதுவே பொருத்தமானது.

ஓர் ஆர்டரின் பயணம்

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலம் நடக்கும்போது யார் என்ன விலை கேட்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். பங்குச்சந்தையும் ஏலமேதான், ஆனால் வாங்குபவர்களும் விற்பவர்களும் ஒரே நேரத்தில் விலை கூறுகிறார்கள், அவர்களைப் பொருத்தி வைப்பது மும்பையில் உள்ள ஒரு கணினி. நல்ல விலை கூறியவருக்கு முதலிடம், ஒரே விலை கூறியவர்களுக்குள் முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற இரண்டே விதிகளை வைத்து அது வேலை செய்கிறது. நம் செயலியில் ஒரு பங்கின் பெயரைத் தொட்டால், இடப்பக்கம் வாங்க நிற்பவர்களின் முதல் ஐந்து விலைகளும் வலப்பக்கம் விற்க நிற்பவர்களின் முதல் ஐந்து விலைகளும் தெரியும். இந்தப் பட்டியலைப் படிக்கத் தெரியாமல் எவரும் முதல் ஆர்டரைப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதிகம் வணிகமாகாத ஒரு சிறு நிறுவனத்தின் பங்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். விற்பவர் பக்கத்தில் ரூ.248.60க்கு 40 பங்குகளும், ரூ.249.40க்கு 75 பங்குகளும், ரூ.252.00க்கு 200 பங்குகளும் நிற்கின்றன. உங்களுக்கு 250 பங்குகள் வேண்டும். திரையின் மேலே பெரிய எழுத்தில் 248.60 என்றிருப்பதைப் பார்த்து மார்க்கெட் ஆர்டர் போடுகிறீர்கள். கிடைக்கும் விலைக்கு வாங்கு என்பதே மார்க்கெட் ஆர்டரின் பொருள் என்பதால், முதல் 40 பங்குகள் 248.60க்கும், அடுத்த 75 பங்குகள் 249.40க்கும், மீதி 135 பங்குகள் 252.00க்கும் வந்து சேரும். மொத்தம் ரூ.62,669 செலவாகியிருக்கும், சராசரி விலை ரூ.250.68. திரையில் பார்த்த விலைக்கே எல்லாம் கிடைத்திருந்தால் ரூ.62,150 மட்டுமே ஆகியிருக்கும். யாரும் ஏமாற்றாமலே, எந்தத் தவறும் நடக்காமலே, ஒரு நொடியில் ரூ.519 போய்விட்டது.

இதற்கு மாற்று, லிமிட் ஆர்டர். ரூ.249க்கு மேல் தர மாட்டேன் என்று எல்லை வகுத்து ஆர்டர் போட்டால், அந்த விலைக்குள் கிடைக்கும் 40 பங்குகள் மட்டும் வரும், மீதி வரிசையில் காத்து நிற்கும், கிடைக்காவிட்டால் மாலையில் ரத்தாகிவிடும். புதியவர் எப்போதும் லிமிட் ஆர்டர் மட்டுமே போட வேண்டும். காலை 9.15க்குச் சந்தை திறந்தவுடன் முதல் அரை மணி நேரத்தில் இரவு முழுவதும் சேர்ந்த செய்திகளுக்கெல்லாம் விலை தேடப்படுவதால் ஏற்ற இறக்கம் மிகுதியாக இருக்கும். பத்து மணிக்குப் பிறகு நிதானமாக ஆர்டர் போடுவதால் நீண்டகால முதலீட்டாளர் இழப்பது ஒன்றுமில்லை. சந்தை பிற்பகல் 3.30 வரை திறந்திருக்கிறது.

எதிரே நிற்கும் கணினிகள்

கணினி நிரல் தானாகவே முடிவெடுத்து ஆர்டர் போடும் முறையை அல்கோ வணிகம் என்கிறார்கள். புரோக்கரின் ஊழியர் கைபடாமல் நிறுவனங்கள் நேரடியாகச் சந்தைக் கணினிக்கு ஆர்டர் அனுப்ப 2008இல் செபி வழிவிட்டது. அதற்கு அடுத்து, சந்தைக் கணினி இருக்கும் வளாகத்திலேயே தங்கள் கணினிகளை வைத்துக்கொள்ள நிறுவனங்கள் வாடகை கட்டும் கோ-லொகேஷன் வசதி வந்தது. ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணினிக்கு விலை மாற்றத்தைப் பார்த்துப் பதில் ஆர்டர் அனுப்ப மைக்ரோ வினாடிகள் போதும், அதாவது ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் சில கூறுகள். திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி அந்தத் தூரத்தைக் கடப்பதற்கே 6 மில்லி வினாடிக்கு மேல் ஆகிவிடும், அதாவது 6,000 மைக்ரோ வினாடிகள். நம் கண் பார்த்து விரல் அழுத்தும் நேரத்தை இன்னும் இதில் சேர்க்கவே இல்லை. எவ்வளவு விலையுயர்ந்த கைபேசி வாங்கினாலும், எந்த இணைய இணைப்பு எடுத்தாலும், இந்த இடைவெளி குறையப் போவதில்லை.

இந்தக் கணினிகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களின் பங்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே சில பைசாக்களே வேறுபாடு இருப்பதற்கு, இரு பக்கமும் ஓயாமல் விலை கூறிக்கொண்டிருக்கும் அல்கோக்கள் முக்கியமான காரணம். ஆண்டுக்கு ஒருமுறை வாங்கி வைப்பவருக்கு அது நன்மையே. ஒரு நிமிட ஏற்றத்தில் பத்து ரூபாய் பார்த்துவிடலாம் என்று முயல்பவர்தான் அந்தக் கணினிகளோடு நேரடியாக மோதுகிறார்.

கணினி பிழை செய்யும்போது என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிட்டல் என்ற நிறுவனத்தின் நிரல் தவறாக இயங்கி, முக்கால் மணி நேரத்துக்குள் 40 கோடி டாலருக்கு மேல் இழப்பை ஏற்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று இங்கே ஒரு தரகு நிறுவனத்திலிருந்து வந்த தவறான ஆர்டர்களால் நிஃப்டி சில நொடிகளில் பதினைந்து சதவீதத்துக்கு மேல் சரிந்து மீண்டது. அந்த நொடிகளில் மார்க்கெட் ஆர்டர் போட்டிருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள், லிமிட் ஆர்டரை நான் இவ்வளவு வலியுறுத்துவதன் காரணம் விளங்கும். 2021 பிப்ரவரி 24 அன்று தொழில்நுட்பக் கோளாறால் என்எஸ்இயில் வணிகம் முற்பகலில் நின்று பிற்பகல் 3.45க்குத்தான் மீண்டும் தொடங்கியது. வேண்டியபோது விற்று வெளியேறிவிடலாம் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கி வணிகம் செய்பவருக்கு அந்த நான்கு மணி நேரம் பேராபத்து. முழுப் பணம் கொடுத்து வாங்கி வைத்திருப்பவருக்கு அது செய்தித்தாளில் படிக்கும் செய்தி மட்டுமே.

குறியீடு 10, 15, 20 சதவீதம் ஏறினாலோ இறங்கினாலோ சந்தை முழுவதையும் நிறுத்திவைக்கும் சர்க்யூட் பிரேக்கர் விதி உண்டு. 2020 மார்ச்சில் இரண்டு முறை அது செயல்பட்டது. தனிப் பங்குகளுக்கும் 2, 5, 10, 20 சதவீதம் என்று நாள் வரம்புகள் உண்டு. தினமும் அப்பர் சர்க்யூட்டில், அதாவது அன்றைய வரம்பின் உச்சத்தில், நிற்கும் பங்கைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், அதே பங்கு லோயர் சர்க்யூட்டில், அதாவது வரம்பின் அடியில், நிற்கும்போது விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இருக்காது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

விலையை நகர்த்துபவை

ஒரு பங்கின் விலையை நெடுங்காலத்தில் தீர்மானிப்பது அந்த நிறுவனத்தின் லாபம். குறுகிய காலத்தில் அதைத் தள்ளுபவை பல. அவற்றில் முதலாவது வட்டி விகிதம். ரிசர்வ் வங்கியின் ஆறு உறுப்பினர் பணக்கொள்கைக் குழு ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை முடிவு செய்கிறது. 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்த அந்த விகிதம் 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமானது. வட்டி ஏறும்போது கடன் வாங்கித் தொழில் நடத்தும் நிறுவனங்களின் செலவு கூடுகிறது, வங்கி வைப்புத்தொகை கவர்ச்சியாகிறது, நாளைய லாபத்துக்கு இன்று கொடுக்கத் தகும் விலை குறைகிறது. அமெரிக்க மைய வங்கி ஆண்டுக்கு எட்டு முறை எடுக்கும் முடிவும் நம்மைத் தொடுகிறது, ஏனெனில் அங்கே வட்டி ஏறினால் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இங்கிருந்து பணத்தை எடுத்துச் செல்லக்கூடும். நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்வதால், எண்ணெய் விலையும் டாலர் மதிப்பும் பல தொழில்களின் கணக்கை மாற்றிவிடுகின்றன.

அடுத்தது, யாருடைய பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. 2024 அக்டோபரில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளில் ஏறத்தாழ 94,000 கோடி ரூபாய் அளவுக்கு நிகரமாக விற்றார்கள். அதே மாதத்தில் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு மாதத் தவணையாக, எஸ்ஐபி வழியாக, நாடெங்கும் இருந்து வந்த தொகை 25,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அம்பாசமுத்திரத்து ஆசிரியையும் வள்ளியூர்க் கடைக்காரரும் மாதந்தோறும் கட்டும் சில ஆயிரங்கள் இப்படித் திரண்டு, உள்நாட்டு நிறுவனங்களின் பிற முதலீட்டோடு சேர்ந்து, வெளிநாட்டு விற்பனையைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. இந்தியச் சந்தையில் நிகழ்ந்த மாற்றங்களில் இதை மிக முக்கியமானதாக நான் கருதுகிறேன். சந்தை விழுந்த மாதத்தில் தவணையை நிறுத்தாமல் தொடர்பவருக்கு அதே பணத்துக்குக் கூடுதல் யூனிட்டுகள் கிடைக்கின்றன என்பதும் இதோடு சேர்ந்தது.

நிறுவனம் சார்ந்த செய்திகளுக்கு நம் கண்ணெதிரிலேயே பாடங்கள் உண்டு. தாழையூத்து சங்கர்நகர் ஆலையோடு 1940களில் வேர்விட்ட இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் நிர்வாகம் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பங்குகளை வாங்க அல்ட்ராடெக் அறிவித்த விலை ரூ.390. இப்படி ஓர் அறிவிப்பு வந்த பிறகு, மூட்டை சிமெண்டின் விலையையும் நிலக்கரிச் செலவையும் விட அந்த அறிவிப்பு விலையே பங்கின் போக்குக்கு அளவுகோலாகிவிடுகிறது. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2022 செப்டம்பரில் முதன்முறையாகப் பங்கு வெளியிட்டது. வங்கிப் பங்கைப் புரிந்துகொள்ள வாராக்கடன் விகிதத்தையும் வட்டி வருவாயையும் பார்க்க வேண்டும். யூரியா ஆலையென்றால் அரசு தரும் மானியமும் இயற்கை எரிவாயுவின் விலையும் முக்கியம். நம் பக்கத்துக் காற்றாலைகளை நம்பிய நிறுவனமென்றால் மின்வாரியம் பணம் கொடுக்கும் காலமும் காற்றுப் பருவமும் கணக்கில் வரும். நமக்குத் தெரிந்த தொழில் என்பது படிக்கத் தொடங்க நல்ல இடம். ஊர்ப்பற்று மட்டும் வாங்குவதற்குக் காரணமாகாது.

படிக்க வேண்டியவை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் 45 நாட்களுக்குள்ளும், நிதியாண்டு முடிந்தால் 60 நாட்களுக்குள்ளும் கணக்கை வெளியிட வேண்டும். என்எஸ்இ, மும்பைப் பங்குச்சந்தையான பிஎஸ்இ ஆகியவற்றின் தளங்களில் அந்தக் கணக்கும், பங்குதாரர் விவரமும், நிறுவனர்கள் எத்தனை பங்குகளை அடகு வைத்திருக்கிறார்கள் என்ற தகவலும் இருக்கும்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு என் விடை எளியது. முதல் ஓராண்டுக்கு நிஃப்டி 50 போன்ற குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் சிறு தொகையை மாதத் தவணையாகப் போடுங்கள். அந்த ஓராண்டிலும் இரண்டு மூன்று நிறுவனங்களின் காலாண்டுக் கணக்கைத் தொடர்ந்து படித்துவாருங்கள், அதன் பிறகு தனிப் பங்கு வாங்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.

ஆப்ஷன் வணிகம் வேண்டாம்

இந்தப் படி, எடுத்து வைக்கக் கூடாத படி. ஆப்ஷனுக்குக் காலக்கெடு உண்டு. அந்தக் கெடு முடியும் எக்ஸ்பைரி நாளுக்குள் விலை நாம் நினைத்த பக்கம் நகராவிட்டால், ஆப்ஷன் வாங்கக் கட்டிய பிரீமியம் முழுவதும் போய்விடும், திசை சரியாக இருந்து வேகம் போதாவிட்டாலும் போய்விடும். சிறு தொகை போதும் என்பதால் கல்லூரி மாணவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும்கூட இதற்குள் இழுக்கப்படுகிறார்கள் என்பது மிகுந்த கவலைக்குரியது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பங்கு சார்ந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்களில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள். அவர்களின் மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். லாபம் எங்கே போனது என்பதற்கும் அதே ஆய்வில் விடை இருக்கிறது. 2023-24இல் இந்தப் பிரிவில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதமும், சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் ஈட்டியதில் 96 சதவீதமும் அல்கோக்களின் வழியாகவே வந்தன. மைக்ரோ வினாடிக் கணக்கு இங்கேதான் முழு வலிமையோடு வேலை செய்கிறது.

இதன் பிறகு செபி ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது, ஒவ்வொரு சந்தையிலும் வார எக்ஸ்பைரியை ஒரே ஒரு குறியீட்டுக்கு மட்டும் என்று குறைத்தது. தனிநபர்கள் பயன்படுத்தும் அல்கோக்களைச் சந்தையில் பதிவு செய்ய வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் விதி வகுத்தது. எனவே மாதத்துக்கு இத்தனை சதவீதம் உறுதி என்று சொல்லி அல்கோ மென்பொருள் விற்க வருபவரிடம் பதிவு விவரத்தைக் கேளுங்கள். லாபத்துக்கு உறுதி கொடுக்க எவருக்கும் அனுமதி இல்லை.

வாங்கிய அன்றே விற்கும் இன்ட்ராடே வணிகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. அதில் ஈடுபட்ட தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் 2022-23இல் நட்டம் கண்டார்கள் என்று செபியின் மற்றோர் ஆய்வு காட்டியிருக்கிறது.

செலவும் வரியும்

ஒவ்வொரு வணிகத்துக்கும் அன்று மாலையே, விலையும் கட்டணங்களும் அடங்கிய கான்ட்ராக்ட் நோட் மின்னஞ்சலில் வரும். அதைத் திறந்து படியுங்கள். ரூ.50,000க்கு டெலிவரியாக, அதாவது அன்றே விற்காமல் கணக்கில் வைத்துக்கொள்ள, பங்கு வாங்கினால் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், அதாவது ரூ.50. முத்திரைத்தாள் வரி 0.015 சதவீதம், அதாவது ரூ.7.50. இவற்றோடு சந்தைக் கட்டணம், செபி கட்டணம், புரோக்கரேஜ், அவற்றின்மீது 18 சதவீத ஜிஎஸ்டி. விற்கும்போது மீண்டும் பரிவர்த்தனை வரி ரூ.50, கூடவே டீமேட் கணக்கிலிருந்து எடுப்பதற்கான கட்டணம். புரோக்கரேஜே இல்லை என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்திலும் ஒரு சுற்றுக்கு ரூ.120க்கு மேல் போய்விடும். ஆண்டுக்கு ஒரு முறை என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை அதே பணத்தைப் புரட்டினால், ஆண்டு முடிவில் ரூ.6,000க்கு மேல், அதாவது போட்ட முதல் தொகையில் 12 சதவீதத்துக்கு மேல், விலை ஏறினாலும் இறங்கினாலும் கழிந்துவிடும்.

2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்குள் விற்றுப் பெறும் லாபத்துக்கு 20 சதவீதமும், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதமும் வரி என்று நிர்ணயிக்கப்பட்டது. நட்டம் வந்திருந்தாலும் வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்யுங்கள், அப்போதுதான் அந்த நட்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகள் வரை கொண்டுசென்று லாபத்தில் கழிக்க முடியும்.

பணத்தைப் பறிக்கும் குழுக்கள்

கேட்காமலே உங்களை வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். ஒரு பேராசிரியர் பாடம் எடுப்பார், நூறு பேர் நன்றி சொல்லி லாபப் படங்களைப் போடுவார்கள், அந்த நூறு பேரும் அவர்களுடைய ஆட்களே. பிறகு அவர்கள் அனுப்பும் இணைப்பின் வழியாக ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். முதலில் போட்ட ரூ.5,000 திரையில் ரூ.7,000 ஆகும், எடுக்கவும் முடியும். அந்த நம்பிக்கையில் லட்சங்களைப் போட்ட பிறகு, பணத்தை எடுக்க வேண்டுமானால் முதலில் வரி கட்டு என்பார்கள். உண்மையான சந்தையில் லாபத்தை எடுக்க முன்பணமாக வரி கேட்கும் வழக்கமே இல்லை. குரலையும் முகத்தையும் செயற்கை நுண்ணறிவால் போலி செய்வது எளிதாகிவிட்டது. என்எஸ்இயின் தலைமை நிர்வாகியே பங்கு பரிந்துரைப்பதுபோல் போலிக் காணொளிகள் பரவி, 2024இல் அந்தச் சந்தை எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

பணம் அனுப்புமுன் பார்க்க வேண்டியது, அது யார் கணக்குக்குப் போகிறது என்பதை. ஒரு தனிநபரின் பெயரோ தொடர்பில்லாத ஏதோ கடையின் பெயரோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 2025 அக்டோபர் முதல், பதிவு பெற்ற நிறுவனங்களின் யூபிஐ முகவரியில் வேலிட் என்ற சொல் இடம்பெறும் ஏற்பாட்டைச் செபி கொண்டுவந்திருக்கிறது. செபி செக் என்ற வசதியில் வங்கிக் கணக்கையும் யூபிஐ முகவரியையும் நாமே சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் வங்கிகள் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். பதிவு பெற்ற புரோக்கர்மீதோ நிறுவனத்தின்மீதோ குறை இருந்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் தெரிவித்து, தீராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதிவு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

பீரோவில் இருக்கும் பழைய பங்குகள்

சிமெண்ட் ஆலையிலோ பஞ்சாலையிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களின் வீடுகளில் காகிதப் பங்குச் சான்றிதழ்கள் இன்னும் இருக்கக்கூடும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அவற்றைக் காகிதமாகவே பிறர் பெயருக்கு விற்று மாற்ற முடியாது, டீமேட் ஆக்க வேண்டும். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகையைப் பெறாமல் விட்டிருந்தால் அந்தப் பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும், உரிய ஆவணங்களோடு விண்ணப்பித்து மீட்கலாம். நிறுவனத்தின் பங்குப் பதிவாளருக்கு, சான்றிதழில் உள்ள ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுவதிலிருந்து இந்த வேலை தொடங்குகிறது.

உங்கள் சொந்தக் கணக்குக்கும் இதே கவனம் தேவை. பங்குகளை மின்னணு வடிவில் காக்கும் டெபாசிட்டரியிலிருந்து மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் உங்கள் பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் ஒரே இடத்தில் இருக்கும். அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது அச்செடுத்து, புரோக்கரின் பெயர், டீமேட் எண், நாமினி விவரம் ஆகியவற்றை அதன்மேல் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் சேர்த்து, அது எங்கே இருக்கிறது என்பதை மனைவியிடமோ கணவரிடமோ வளர்ந்த பிள்ளையிடமோ சொல்லி வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அந்தத் தாளில் எழுதாதீர்கள். நாமினி உரிய சான்றுகளைக் கொடுத்தால் பங்குகள் அவர் கணக்குக்கு மாற்றப்படும், அதற்குக் கடவுச்சொல் தேவைப்படாது.